ஏப்ரல் 5 ஏன் தேசிய கடல்சார் தினம்? பிரிட்டிஷ் கப்பல் சாம்ராஜ்யத்தோடு மோதிய வால்சந்த் ஹிராசந்தின் கதை

வருஷா வருஷம் ஏப்ரல் 5-ஆம் தேதி 'தேசிய கடல்சார் தினம்'னு ஒரு செய்தி உங்கள் டைம்லைனில் வந்துபோகும். 1919-இல் அதே நாளில், இந்தியர்களுக்குச் சொந்தமான 'எஸ்.எஸ். லாயல்டி' என்ற கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. அந்த நினைவாகத்தான் 1964 முதல் இந்த நாள் கொண்டாடப்படுகிறது.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வியாபாரமாகப் பார்த்தால் லாயல்டி தோற்றுப்போன கப்பல். 1921-இலேயே ஓட்டம் நிறுத்தப்பட்டு, 1923-இல் உடைக்கப்பட்டுவிட்டது. அப்புறம் எதற்குக் கொண்டாட்டம்? அது புரிய, அந்தக் கப்பலை வாங்கியவர்களில் ஒருவரான வால்சந்த் ஹிராசந்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த வால்சந்த்?

1882-இல் மகாராஷ்டிராவின் சோலாப்பூரில், குஜராத்தி பேசும் ஜைன வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். பருத்தி வியாபாரமும் வட்டிக்கடையும் குடும்பத் தொழில். அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த லட்சுமண்ராவ் பாட்டக் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, ரயில் பாதை போடும் கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தார். பாட்டக்கிடம் தொழில் அனுபவம், வால்சந்திடம் குடும்பப் பணம்.

அவரைத் தியாகி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அரசாங்க கான்ட்ராக்ட்டில் சம்பாதித்த, லாபக் கணக்கு நன்றாகத் தெரிந்த தொழிலதிபர் அவர். கப்பல் தொழிலுக்கு வந்ததும் லாபம் இருக்கும் என்று நம்பித்தான்.

முதல் உலகப்போர் முடிந்த சமயம். கனடியன் பசிபிக் நிறுவனத்துக்காக 1890-களில் பசிபிக் கடலில் ஓடிய ஒரு பழைய பயணிகள் கப்பலை குவாலியர் மகாராஜா சிந்தியா வாங்கி, போர்க்கால மருத்துவமனைக் கப்பலாக மாற்றியிருந்தார். அதுதான் லாயல்டி. போர் முடிந்ததும் கப்பல் விற்பனைக்கு வந்தது. நரோத்தம் மொரார்ஜி, லல்லுபாய் சாமல்தாஸ், கிலாசந்த் தேவ்சந்த் ஆகியோரோடு சேர்ந்து வால்சந்த் அதை வாங்கினார். 'சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி' 1919-இல் இப்படித்தான் உருவானது. முதல் பயணத்தில் வால்சந்தும் கப்பலில் இருந்தார்.

கப்பல் இருந்தும் சரக்கு இல்லை

கப்பல் வாங்கியாச்சு. சரக்கு யார் தருவார்கள்?

இந்தியக் கடலோர வியாபாரம் அன்று 'பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன்' கம்பெனியின் கையில் இருந்தது. 1914-இல் அது பி அண்ட் ஓ நிறுவனத்தோடு இணைந்தது. இரண்டுக்கும் தலைவர் இஞ்ச்கேப் பிரபு. புதிதாக யாராவது உள்ளே வந்தால் விரட்ட அவர்களிடம் இரண்டு ஆயுதங்கள் இருந்தன.

முதலாவது, கட்டணக் குறைப்பு. போட்டிக் கம்பெனி எந்த ரூட்டில் கப்பல் விடுகிறதோ, அந்த ரூட்டில் மட்டும் சரக்குக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்குவார்கள். அங்கே வரும் நஷ்டத்தை மற்ற ரூட்டுகளின் லாபத்தில் ஈடுகட்டிக்கொள்வார்கள். ஒரே ரூட்டை நம்பியிருக்கும் புதியவர் எத்தனை நாள் தாங்குவார்? பெரிய முதலீட்டோடு வரும் ஆப் ஒன்று தள்ளுபடியை அள்ளிக் கொடுத்து, பக்கத்துத் தெரு கடையை மூட வைக்கிறதே, அதே கணக்கு.

இரண்டாவது ஆயுதம் இன்னும் நுட்பமானது. அதன் பெயர் தாமதத் தள்ளுபடி. நீங்கள் ஓர் ஏற்றுமதி வியாபாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த கட்டணத்தில் ஒரு பங்கைக் கம்பெனி திருப்பித் தரும். ஆனால் உடனே தராது. அடுத்த சில மாதங்களும் அவர்கள் கப்பலிலேயே சரக்கு அனுப்பினால்தான் முந்தைய மாதங்களின் தள்ளுபடி கைக்கு வரும். நடுவில் ஒரே ஒரு முறை போட்டிக் கப்பலில் மூட்டை ஏற்றினாலும், சேர்ந்திருந்த மொத்தப் பணமும் போச்சு. அப்புறம் எந்த வியாபாரி துணிந்து சிந்தியா கப்பலுக்கு வருவார்?

தூத்துக்குடி ஏற்கெனவே பார்த்த பாடம்

இது உங்களுக்குக் கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? இருக்கும். 1906-இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, எதிரில் நின்றதும் இதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிதான். கட்டணம் இறங்கியது. 1908-இல் வ.உ.சி சிறைக்குப் போனார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

சிந்தியாவுக்கும் அதே முடிவு வந்திருக்கலாம். 1920-களின் தொடக்கத்தில் கம்பெனி நஷ்டத்தில் தள்ளாடியபோது, அதை விலைக்கு வாங்கிவிட இஞ்ச்கேப் பேரம் பேசினார். பங்குதாரர்களுக்குப் போட்ட பணமாவது திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அது. வால்சந்த் விற்கக் கூடாது என்று நின்றார்.

அதற்கு ஒரு விலை இருந்தது. 1923-இல் போட்ட பத்து வருட ஒப்பந்தப்படி, கட்டணப் போர் நிற்கும். பதிலுக்கு, சிந்தியா இந்தியா, பர்மா, இலங்கை கரையோரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், 75,000 டன்னுக்கு மேல் கப்பல் வைத்துக்கொள்ளக் கூடாது. லண்டனுக்குப் போகக் கிளம்பிய கம்பெனி, கரையை விட்டு விலகமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டது. வால்சந்துக்கு இது கசந்தது. ஆனால் கம்பெனி உயிரோடு இருந்தது. வ.உ.சி.க்குக் கிடைக்காத அவகாசம் அது.

சண்டை சட்டசபைக்குப் போனது

அந்த அவகாசத்தில் வால்சந்த் கண்டுகொண்டது இதுதான்: துறைமுகத்தில் எவ்வளவு திறமையாகத் தொழில் செய்தாலும், விதிகளை எழுதுகிறவர் எதிராளியின் பக்கம் இருக்கும்வரை ஜெயிக்க முடியாது.

கடலோர வியாபாரத்தை இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அரசே அமைத்த இந்திய வணிகக் கப்பல் குழு 1924-இல் பரிந்துரைத்தது. அரசு அசையவில்லை. 1928-இல் சாராபாய் ஹாஜி அதற்கான மசோதாவை மத்திய சட்டசபையில் கொண்டுவந்தார். வால்சந்தும் மற்ற தொழிலதிபர்களும் பின்னால் நின்றார்கள். பிரிட்டிஷ் முதலாளிகள் கடுமையாக எதிர்க்க, மசோதா சட்டமாகவே இல்லை. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமோ, பிரிட்டிஷ் கப்பல்களுக்குப் பாரபட்சம் காட்டக் கூடாது என்று கதவையே அடைத்தது.

இதற்கிடையே 1929-இல் நரோத்தம் மொரார்ஜி விபத்தில் இறந்துபோக, சிந்தியாவின் தலைவர் பொறுப்பு வால்சந்திடம் வந்தது.

விசாகப்பட்டினத்தில் ஒரு பந்தயம்

வெளிநாட்டில் கப்பல் வாங்கிக்கொண்டே இருந்தால் எப்போதும் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டும். இங்கேயே கட்டினால்? அவர் முதலில் மனதில் வைத்திருந்த ஊர் கல்கத்தா. அங்கே சரியான இடம் அமையாததால் விசாகப்பட்டினத்துக்கு வந்தார். 1941 ஜூன் 21-ஆம் தேதி ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அடுத்த வருஷமே ஜப்பான் விமானங்கள் அந்த ஊரில் குண்டு போட்டன. வேலை தடைப்பட்டது.

1940-இல் பெங்களூருவில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியைத் தொடங்கியவரும் இவரேதான். இன்றைய எச்.ஏ.எல்.லின் தொடக்கம் அது. போர்க்காலத்தில் அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

நாடு சுதந்திரம் அடைந்தபின், 1948 மார்ச் 14-ஆம் தேதி, விசாகப்பட்டினத்தில் கட்டிய 'ஜல உஷா' என்ற 8,000 டன் சரக்குக் கப்பலை நேரு கடலில் இறக்கினார். கடலோர வியாபாரமும் சில வருடங்களில் இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்கப்பட்டது. முப்பது வருடமாகக் கேட்டது கிடைத்தது. ஆனால் பக்கவாதம் வால்சந்தை முடக்கியிருந்தது. 1950-இல் தொழிலிலிருந்து விலகினார். தளத்தை நடத்தும் செலவு கம்பெனிக்குக் கட்டுப்படியாகாமல், 1952-இல் அது அரசு பெரும்பங்கு வைத்த 'ஹிந்துஸ்தான் ஷிப்யார்ட்' ஆனது. 1953 ஏப்ரல் 8-ஆம் தேதி அவர் காலமானார். பிற்பாடு 1980-களில் சிந்தியா கம்பெனி கடனில் மூழ்கியது. விசாகப்பட்டினத்தில் கப்பல் தளத்தை ஒட்டிய பகுதியை மக்கள் இன்றும் 'சிந்தியா' என்றே சொல்கிறார்கள்.

இன்று உங்களுக்கு இது எதற்கு?

ஏற்றுமதிப் பொருளின் விலையில் கப்பல் கட்டணமும் ஒரு பங்கு. அந்தப் பணம் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதுதான் வால்சந்த் எழுப்பிய கேள்வி. இந்தியாவின் ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கில் பத்தில் ஒரு பங்குகூட இன்று இந்தியக் கொடி பறக்கும் கப்பல்களில் போவதில்லை. 2021-இல் உலகம் முழுக்க கன்டெய்னர் கட்டணம் பல மடங்கு ஏறியபோது, நம்மூர் ஏற்றுமதியாளர்கள் கேட்ட விலையைக் கொடுப்பதைத் தவிர வழியில்லாமல் நின்றார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஒதுக்கீடு இருந்தால் போட்டி குறையும், கட்டணம் ஏறும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்றுமதி, இறக்குமதி கன்டெய்னர்களை இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே வெளிநாட்டுக் கப்பல்களும் கொண்டுபோகலாம் என்று 2018-இல் அரசு விதியைத் தளர்த்தியது அந்தக் காரணத்தால்தான்.

அடுத்த ஏப்ரல் 5 அன்று வாழ்த்துச் செய்தி வரும்போது, லண்டன் போன அந்தக் கப்பலை மட்டும் நினைக்காதீர்கள். அது திரும்பி வந்தபின் சரக்குக்காகக் காத்துக் கிடந்த மாதங்களையும், கம்பெனியை விற்காமல் இருந்த முடிவையும் சேர்த்தே நினையுங்கள். இந்தியக் கப்பல் தொழில் பிழைத்தது அந்த முடிவால்தான்.