வீணைக்கு மெட்டு வைத்த மன்னர்

ஒரு ராகம் வாசித்து முடிந்தது. அடுத்த ராகம் தொடங்க வேண்டும். வித்துவான் வீணையின் மெட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வைக்கிறார். சபை காத்திருக்கிறது!

நானூறு ஆண்டுகளுக்கு முன் அப்படிப்பட்ட வீணைகளும் இருந்தன. இன்று வீணையில் 24 மெட்டுகள். எந்த ராகமானாலும் மெட்டை யாரும் நகர்த்துவதில்லை. இந்த அமைப்பைக் கொண்டுவந்தவர் என்று இசை நூலோர் சொல்லும் பெயர், தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர்.

துணி மூட்டையில் இளவரசர்

ரகுநாதர், அச்சுதப்ப நாயக்கரின் மகன். 1600-ல் தந்தையோடு சேர்ந்து ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

1614-ல் விஜயநகர அரச குடும்பத்தில் பெரும் கொடுமை நடந்தது. ஜக்கராயன் என்ற பிரபு, பேரரசர் ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு கொன்றுவிட்டான். ராமதேவர் என்ற சிறுவர் மட்டும் தப்பினார். சலவைத் தொழிலாளி ஒருவர் அவரைத் துணி மூட்டைக்குள் ஒளித்து வெளியே கொண்டுவந்தாராம்.

மதுரை நாயக்கர் ஜக்கராயனோடு சேர்ந்தார். நம் பக்கத்துச் செஞ்சி நாயக்கரும் அங்கேதான் நின்றார். ரகுநாதரோ அந்தச் சிறுவருக்காக வாள் எடுத்தார். 1616-17-ல் திருச்சிக்கு அருகே தோப்பூரில் கடும் போர். ஜக்கராயன் மாண்டான். ராமதேவர் அரியணை ஏறினார்.

1620-ல் டென்மார்க் நாட்டு வணிகர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தவரும் இவரே.

மன்னரா? மந்திரியா?

போர் முடிந்தால் வாள் உறைக்குப் போய்விடும். வீணை மடிக்கு வந்துவிடும். ஜயந்தசேனா என்ற ராகம் இவர் உண்டாக்கியது என்பார்கள். தெலுங்கில் காவியங்கள் இயற்றினார். ராமபத்ராம்பா, மதுரவாணி என்ற பெண் கவிஞர்கள் இவர் சபையில் புகழோடு இருந்தார்கள்.

மந்திரி கோவிந்த தீட்சிதரும் இசை மேதை. மன்னர் பெயரில் 'சங்கீத சுதா' என்ற நூல் வெளிவந்தது. அதை எழுதியவர் தம் தந்தையே என்று தீட்சிதரின் மகன் வேங்கடமகி பிறகு எழுதிவைத்துவிட்டார்! மன்னர் உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ?

மெட்டும் மெழுகும்

ஒரு ஸ்தாயிக்கு 12 சுர இடங்கள். இரண்டு ஸ்தாயிக்கு 24. அத்தனைக்கும் மெட்டு வைத்துவிட்டால், ராகத்துக்கு வேண்டிய சுரம் எங்காவது ஓரிடத்தில் இருக்கும். குழைவு வேண்டுமானால் தந்தியை இழுத்துக்கொள்ளலாம். கணக்கு இவ்வளவுதான்.

ஆனால், கணக்கு மரத்தில் ஏற வேண்டுமே! அது ஆசாரியின் வேலை. வீணைக்குப் பலா மரம்தான் உகந்தது. நமக்குப் பக்கத்திலுள்ள பண்ணுருட்டியிலிருந்தும் தஞ்சைக்குப் பலா மரம் போகிறது. தண்டி என்ற நீண்ட பகுதியை வாய்ச்சியால் செதுக்கி, உளியால் உள்ளே குடைந்து, இழைத்து, அரத்தால் ராவுவார்கள். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தச் சிற்பிகள் பிடிக்கும் உளியும் கொட்டாப்புளியும் இங்கேயும் வேண்டும். ஏழு தந்திகளின் இழுப்பைத் தண்டி தாங்க வேண்டும். வளைந்தால் தந்தி மெட்டில் இடிக்கும்.

கிதாரில், மின்சார கிதாரிலும்கூட, மெட்டுக் கம்பியை மரத்தில் கீறிய பள்ளத்தில் அடித்து இறக்குவார்கள். வீணையில் அப்படியில்லை. கல்வராயன் மலையில் தேன் எடுப்பவர்களுக்கு நன்கு தெரிந்த தேன் மெழுகுதான் இங்கே பிடிமானம். அதோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சி, தண்டியின் இருபுறமும் கரைபோல் கட்டுவார்கள். அதன்மேல் வெண்கல மெட்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டுப் பதிப்பார்கள். இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். ஒரு மயிரிழை தள்ளினாலும் அபசுரம்! மெழுகு தளர்ந்தால் மீண்டும் கட்ட வேண்டும்.

கும்பகோணத்து அனுமார்

ரகுநாதர் 1634-ல் காலமானார். மகன் விஜயராகவ நாயக்கர் 1673-ல் மதுரைப் படையோடு போரிட்டு மடிந்தார். தஞ்சை நாயக்கர் ஆட்சி அத்தோடு முடிந்தது. அதற்கு முன், விஜயராகவர் ஆதரவில் வேங்கடமகி எழுதிய 'சதுர்தண்டி பிரகாசிகை' வீணை வகைகளை விவரிக்கிறது. அவற்றில் ஒன்றின் பெயர், ரகுநாத மேள வீணை.

கும்பகோணம் ராமசாமி கோவில் ரகுநாதர் காலத்துத் திருப்பணி. அங்கே ராமர் சன்னிதியில் அனுமாரைப் பாருங்கள். ஒரு கையில் ராமாயணச் சுவடி. மறு கையில் வீணை!