புற்றுநோயை எதிர்த்து நின்ற பெருமாட்டி

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு ஒரு வழக்கம் உண்டு. நாகர்கோவிலிலிருந்தோ, தென்காசியிலிருந்தோ, திருநெல்வேலியிலிருந்தோ உறவினர் ஒருவர் கையில் மருத்துவச் சீட்டுக் கட்டுடன் வந்து இறங்கினால், நாம் காரணம் கேட்பதில்லை. மறுநாட் காலை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு அழைத்துச் செல்ல ஆயத்தமாகிறோம். ஆயினும் நோயின் பெயரை வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்பெயரே இறப்பின் மறுபெயர் என்று அஞ்சிய காலத்தின் எச்சம் அது. அந்த அச்சத்தை எதிர்த்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த தமிழ்ப் பெருமாட்டி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களை இவ்வாண்டு மலரில் நினைவு கூர்வது நமக்குத் தகும்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் அங்கிருந்த மன்னர் கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். பெண் மக்கள் பருவம் எய்தியதும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம் அது. ஆடவர் பயிலும் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தமையால் கல்லூரியின் கதவு திறந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்த அம்மையார், 1912இல் சிறப்புடன் தேறிப் பட்டம் பெற்றார்.

அம்மையார் பிறந்து மூன்று நாள் கழித்து, கோட்டயத்தை அடுத்த அய்மனத்தில் மேரி புன்னன் லூக்கோஸ் பிறந்தார் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. பெண் என்பதற்காகவே இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் அறிவியல் பயில இடம் மறுக்கப்பட்ட அவர், இலண்டன் சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி, 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் பதவியை எய்தினார். மலைத்தொடரின் இருபுறத்தும் ஒரே காலத்தில் இரு பெண்மணிகள் ஒரே தடையை உடைத்தனர்.

முத்துலட்சுமி அம்மையார் 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1927இல் சென்னைச் சட்ட மேலவையில் இடம்பெற்று, அதன் துணைத் தலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947இற் சட்டமாகக் கனிந்தது. ஆதரவற்ற பெண்களுக்கென அவ்வை இல்லத்தை நிறுவினார். இவற்றை நம்மவர் நன்கு அறிவர். ஆயின் அவர் உள்ளத்தில் ஆறாது கிடந்த புண் ஒன்று உண்டு.

அவருடைய தங்கை சுந்தராம்பாள் மலக்குடற் புற்றுநோயால் 1923இற் காலமானார். நோய் இன்னதென்று தெளியுமுன்பே காலம் கடந்துவிட்டது. தமக்கை மருத்துவராக இருந்தும் இளையவளைக் காக்க இயலவில்லை. கற்ற கல்வி கைகொடுக்காத அந்நாளை அம்மையார் மறந்தாரில்லை. பிறர் இத்துயரை விதியென்று கொண்டு அமைந்திருப்பர். அவரோ, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியவும் முறையாக மருத்துவம் செய்யவும் ஓர் இடம் இல்லாமையே குறை என்று கண்டார். 1925இல் இங்கிலாந்து சென்று மேலும் பயின்று திரும்பிய பின்னும் இவ்வெண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரி 1935இல் நூற்றாண்டு விழாக் கொண்டாடியபோது, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அம்மையார் அவையோர் முன் எடுத்துரைத்தார். உடனே பயன் விளையவில்லை. எப்படியும் இறப்பவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்பதே அதிகாரத்தில் இருந்தோர் சிலரின் நினைப்பாக இருந்தது. அவர் சோர்ந்தாரல்லர். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கி, அறுபது வயது கடந்த நிலையிலும் பொருள் திரட்ட முனைந்தார்.

1952 அக்டோபரில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் சென்னை அடையாற்றில் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அன்று அதில் இருந்தவை 12 படுக்கைகளே. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் தொடக்க நாட்களில் அச்சிறு நிலையத்தைத் தாங்கி நின்றனர். ஏழை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பது அதன் நெறியாயிற்று. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் ஊன்றிய விதை வீண்போகவில்லை. பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயை எண்ணிப் பார்ப்போம். 1950களில் அது கண்ட வீட்டில் நம்பிக்கைக்கே இடமில்லை. இன்றோ, மருந்தை முறையாக முடிக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் பிழைத்துப் பள்ளி செல்கின்றனர். எனினும் கணையம், நுரையீரல், உணவுக்குழாய் ஆகியவற்றில் தோன்றும் புற்று இன்னும் கொடியதே. முற்றிய பின்னரே வெளிப்படுவதால் அதிற் பிழைப்போர் சிலரே. அம்மையார் தொடங்கிய போர் முடியவில்லை.

அப்போரில் நம் நகருக்கும் பங்குண்டு. இங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையம் 1981இல் தோன்றியது. இம்மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில், 35 வயது நிரம்பிய ஏறக்குறைய 1,90,000 மக்களைக் கொண்டு 1996இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. அவற்றுட் சில ஊராட்சிகளிற் பயிற்சி பெற்ற பணியாளர் வீடுதோறும் சென்று, மக்களின் வாயைத் திறக்கச் செய்து விளக்கொளியில் பார்த்தனர். ஐயத்துக்குரியோரை மருத்துவரிடம் அனுப்பினர். அவ்வளவே. இவ்வாறு பார்க்கப்பெற்ற ஊர்களில், புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் வெளியான முடிவு உலகுக்கு அறிவித்தது. காலத்தோடு கண்டால் காக்கலாம் என்று அம்மையார் கொண்ட நம்பிக்கைக்கு, நாம் குடியேறி வாழும் இம்மண்ணே சான்று தந்தது.

ஆகவே நம் குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பெரியவர்க்கு வாயில் ஆறாத புண் இருப்பின், நாளை பார்க்கலாம் என்று இராதீர்கள். மார்பிற் கட்டியோ, மாதவிடாய் நின்ற பின் உதிரமோ கண்ட தாய்மார் நாணி மறைக்க வேண்டா. ஊரிலிருந்து வரும் உறவினர்க்குப் பாயும் சோறும் தருகிறோம். காலந்தாழ்த்தாது வரும்படி முன்கூட்டியே அறிவுரையும் எழுதி அனுப்புவோம். ஒரு தங்கையை இழந்த தமக்கை பல்லாயிரம் தங்கையரைக் காக்க வழி கண்டார். அவ்வழியில் நம் வீட்டாரைக் காலத்தோடு அழைத்துச் செல்வதே அவருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.