மூன்று வருஷம் வராத இசை: ராக்மானினோவ் முடக்கத்திலிருந்து மீண்டது எப்படி?

பாட்டெழுதுகிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. உட்கார்ந்தால் வரிகள் வராது. ஹார்மோனியத்தில் கைவைத்தால் போட்ட மெட்டே திரும்பத் திரும்ப வரும். ஒரு வாரம் இப்படிப் போனால் பரவாயில்லை. மூன்று வருஷம் போனால்?

ரஷ்ய இசையமைப்பாளர் செர்கெய் ராக்மானினோவுக்கு அதுதான் நடந்தது. உலகம் முழுக்க அதிகம் கேட்கப்படும் பியானோ படைப்புகளில் ஒன்றான அவருடைய இரண்டாவது பியானோ கான்சர்ட்டோ, அந்த மூன்று வருஷ மௌனம் உடைந்த பிறகு பிறந்தது. அதை உடைத்தது எது? பின்னாளில் அதே மௌனம் ஏன் திரும்பி வந்தது?

யார் இந்த ராக்மானினோவ்?

1873-ல் ரஷ்யாவின் நோவ்கோரோத் பகுதியில், நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். வசதி நீடிக்கவில்லை. அப்பா சொத்தையெல்லாம் கரைத்துவிட, குடும்பம் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தொண்டை அடைப்பான் நோய்க்குச் சகோதரி சோஃபியா பலியானாள். பெற்றோர் பிரிந்தார்கள். பையன் பரீட்சையில் தோற்றான்.

கைகொடுத்தவர் அத்தை மகன் அலெக்சாந்தர் சிலோத்தி. பெயர் பெற்ற பியானோ கலைஞர். அவர் சொன்ன யோசனைப்படி, மாஸ்கோவில் நிக்கோலாய் ஸ்வேரெவ் என்ற ஆசிரியரின் வீட்டில் சிறுவனைச் சேர்த்தார்கள். விடிகாலையிலேயே பயிற்சி தொடங்கிவிடும் கண்டிப்பான வீடு அது. ராக்மானினோவின் உழைப்புப் பழக்கம் அங்கே வந்ததுதான்.

1892-ல் மாஸ்கோ இசைக் கல்லூரியின் உயரிய தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். தேர்வுக்காக எழுதிய ‘அலேக்கோ’ என்ற ஒரு அங்க ஓபராவை சாய்கோவ்ஸ்கியே பாராட்டினார். அதே வருஷம் எழுதிய சிறு பியானோ துண்டு ஒன்று ஐரோப்பா முழுக்கப் பரவியது. வயது 19தான். எல்லாம் சுலபமாக வந்துகொண்டிருந்தது.

1897 மார்ச்சில் என்ன ஆச்சு?

1895-ல் தன் முதல் சிம்பொனியை எழுதி முடித்தார். அதன் அரங்கேற்றம் 1897 மார்ச்சில் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தது. இசைக்குழுவை நடத்தியவர் அலெக்சாந்தர் கிளாசுனோவ். ஒத்திகை போதவில்லை. வாசிப்பு குளறுபடியானது. கிளாசுனோவ் அன்று குடித்திருந்தார் என்று பின்னாளில் ஒரு பேச்சும் உலவியது. எப்படியிருந்தாலும், கேட்டவர்கள் காதுக்கு அது இசையாகவே படவில்லை.

ராக்மானினோவ் அரங்கின் மாடிப்படியில் ஒளிந்துகொண்டு, காதைப் பொத்திக்கொண்டு நின்றார். நிகழ்ச்சி முடிந்ததும் தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

மறுநாட்களில் விமர்சனங்கள் வந்தன. மூத்த இசையமைப்பாளரும் விமர்சகருமான சீசர் கூயி, நரகத்தில் ஓர் இசைக்கல்லூரி இருந்தால் அங்கே இந்தச் சிம்பொனிக்குப் பரிசு கிடைக்கும் என்கிற தொனியில் எழுதினார். பைபிளில் எகிப்தின் மேல் இறங்கிய வாதைகளோடும் ஒப்பிட்டார்.

அவ்வளவுதான். 23 வயது இளைஞர் நொறுங்கிப் போனார். அந்தச் சிம்பொனியை அச்சிட விடவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை அது மறுபடி வாசிக்கப்படவும் இல்லை.

அந்த மூன்று வருஷம் சும்மா இருந்தாரா?

இல்லை. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. எழுத முடியாமல் போனாரே தவிர, இசையை விட்டு அவர் விலகிப் போகவில்லை.

1897 இலையுதிர் காலத்தில், மாஸ்கோவில் தொழிலதிபர் சவ்வா மாமொந்தோவ் நடத்திய தனியார் ஓபரா குழுவில் இசைக்குழு நடத்துநர் வேலை கிடைத்தது. சம்பளத்துக்குச் செய்த வேலைதான். ஆனால் தினமும் பாடகர்களோடு உட்கார்ந்து, அடுத்தவர்கள் எழுதியதைப் பிரித்துப் பார்த்து, ஒத்திகை நடத்த வேண்டியிருந்தது. அங்கே கிடைத்த நண்பர்தான் ஃபியோதர் ஷாலியாபின். பின்னாளில் உலகம் கொண்டாடிய அடித்தொண்டைப் பாடகர். இருவருக்கும் ஒரே வயது.

1899-ல் லண்டன் போனார். அங்கே கச்சேரி நன்றாகவே நடந்தது. மறுபடி வரும்போது புதிதாக ஒரு பியானோ கான்சர்ட்டோ கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டு திரும்பினார். வாக்கு கொடுத்தாயிற்று. உட்கார்ந்தால் வரவில்லை. வாக்கின் சுமையும் சேர்ந்துகொண்டது.

டால்ஸ்டாயைப் பார்த்தது உதவியதா?

பெரியவர் ஒருவர் நாலு வார்த்தை சொன்னால் தெளிவு வரும் என்று வேண்டியவர்கள் நினைத்தார்கள். எழுத்தாளர் டால்ஸ்டாயை அவர் மிகவும் மதித்தவர். போய்ப் பார்க்க ஏற்பாடானது. மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் வேலை செய்ய வேண்டும் என்கிற பொருளில் டால்ஸ்டாய் அறிவுரை சொன்னார். தப்பான அறிவுரை இல்லை. ஆனால் முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தவருக்கு அதனால் பலன் இல்லை.

1900 ஜனவரியில் ஷாலியாபினோடு மறுபடி போனார். ராக்மானினோவின் பாட்டு ஒன்றை ஷாலியாபின் பாட, இவர் பியானோ வாசித்தார். இப்படிப்பட்ட இசை யாருக்கு வேண்டும் என்கிற மாதிரி டால்ஸ்டாய் கேட்டுவிட்டார். பிறகு வருத்தம் தெரிவித்தார் என்றாலும், ஏற்கெனவே கீறல் விழுந்த மனசு அது. ஆறுதல் தேடிப் போன இடத்தில் அடி விழுந்தது.

டாக்டர் டால் என்ன செய்தார்?

அத்தை வீட்டாரான சாத்தின் குடும்பத்தார்தான் விடாமல் முயன்றார்கள். மாஸ்கோவில் நிக்கோலாய் டால் என்ற மருத்துவரிடம் அனுப்பினார்கள். மனத்துயில் முறையில் சிகிச்சை தருபவர். தாமே வியோலா வாசிக்கிற இசைப் பிரியர்.

1900 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ராக்மானினோவ் அவரிடம் போய்வந்தார். அரைத்தூக்க நிலையில் சாய்ந்திருக்கும் அவரிடம், கான்சர்ட்டோவை எழுதத் தொடங்கிவிடுவாய், சிரமமில்லாமல் வரும், தரமாக வரும் என்கிற கருத்தையே டால் திரும்பத் திரும்பச் சொன்னார். தூக்கம், பசி, பகல் நேர மனநிலை இவற்றையும் சீராக்குவது சிகிச்சையின் நோக்கமாக இருந்தது. இசையறிந்த மருத்துவரோடு நிதானமாகப் பேசக் கிடைத்த நேரமும் மருந்தாகத்தான் இருந்திருக்கும்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. கூயியின் ஏச்சு மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்த தலைக்குள், அதே இடத்தில் வேறொரு குரலை டாக்டர் தினமும் ஏற்றினார். உடம்பும் தேறியது.

நடுவிலிருந்து தொடங்கியது ஏன் முக்கியம்?

அந்தக் கோடையில் இத்தாலிக்குப் போனார். திரும்பி வந்ததும் கான்சர்ட்டோ வேலை வேகம் பிடித்தது. ஆனால் அவர் முதல் பகுதியிலிருந்து தொடங்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது பகுதிகளைத்தான் முதலில் முடித்தார்.

1900 டிசம்பரில், தலையில்லாத உடம்பு மாதிரி அந்த இரண்டு பகுதிகளை மட்டும் மாஸ்கோ மேடையில் வாசித்தார். கைத்தட்டல் அடங்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் முதல் பகுதியை எழுதினார். 1901 நவம்பரில் முழுப் படைப்பும் அரங்கேறியது. பியானோவில் ராக்மானினோவ். இசைக்குழுவை நடத்தியவர் அத்தை மகன் சிலோத்தி. படைப்பைச் சமர்ப்பித்தது டாக்டர் டாலுக்கு.

பல்லவி கிடைக்காமல் தவிக்கும் பாடலாசிரியர் சரணத்திலிருந்து தொடங்குவது நம்மூரிலும் உண்டு. எது வருகிறதோ அதை முதலில் எழுது, வராததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற வழி அது. ராக்மானினோவ் செய்ததும் அதுதான்.

அதற்கப்புறம் பாட்டுகள் எப்படி வந்தன?

அணை திறந்த மாதிரி. 1902-ல் அத்தை மகள் நத்தாலியா சாத்தினாவைக் கல்யாணம் செய்துகொண்டார். நமக்கு இது சாதாரண முறைப்பெண் கல்யாணம். ரஷ்யத் திருச்சபை விதியில் இதற்கு இடமில்லை. சிறப்பு அனுமதி வாங்கி, ராணுவக் குடியிருப்புத் தேவாலயம் ஒன்றில் திருமணம் நடந்தது. கல்யாணத்துக்கு முந்தைய வாரங்களில், செலவுக்குப் பணம் வேண்டுமே என்று, ஒரு பாடல் தொகுப்பின் பெரும்பகுதியை எழுதி முடித்தார். அதில் 12 பாடல்கள்.

பாட்டுக்கு அவருக்கு முதலில் வேண்டியது நல்ல கவிதை. 1912-ல் மரியெத்தா ஷாகின்யன் என்ற இளம் கவிஞர் அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். பாட்டாக்கத் தோதான கவிதைகளைத் தேர்ந்து அனுப்பும்படி ராக்மானினோவ் அவரிடமே கேட்டுக்கொண்டார். சந்தோஷக் கவிதைகளைவிடச் சோகமானவையே தனக்கு வசப்படும் என்பதையும் மறைக்கவில்லை. தேடும் வேலையை நம்பிக்கையான இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, மெட்டமைக்கும் வேலையைத் தான் வைத்துக்கொண்டார். அந்த வருஷமே ஒரு புதிய தொகுப்பு உருவானது. வார்த்தையே இல்லாமல் குரலால் மட்டும் பாடப்படும் புகழ்பெற்ற ‘வோக்கலைஸ்’ பின்னர் அதில் சேர்ந்தது.

இப்படி 1916 வரை எண்பதுக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார்.

இரண்டாவது மௌனம் ஏன் வந்தது?

1917 புரட்சி எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. அவர் நிம்மதியாக எழுதிய இவானொவ்கா பண்ணை வீடு கைவிட்டுப் போனது. அந்த டிசம்பரில் மனைவி, இரண்டு மகள்களோடு ரஷ்யாவை விட்டுக் கிளம்பினார். திரும்பவே இல்லை.

1918 நவம்பரில் நியூயார்க்கில் இறங்கியபோது வயது 45. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். பியானோ கச்சேரிதான் வழி. ஊர் ஊராகப் பயணம், ஓட்டல் அறை, பயிற்சி, மேடை. பணமும் புகழும் கொட்டின. எழுத்து நின்றது.

கணக்கு இதுதான். ரஷ்யாவில் இருந்த 25 வருஷத்தில் அவருடைய படைப்பு எண்கள் 39 வரை போயின. வெளியேறிய பிறகு இருந்த 25 வருஷத்தில் ஆறு படைப்புகள் மட்டுமே. தனிக்குரலுக்கான புதுப் பாட்டு ஒன்றுகூட இல்லை. ரஷ்ய மொழியைத் தினமும் காதில் கேட்காத ஊரில் அவருக்குப் பாட்டு வரவில்லை. நேரம் இல்லாதது ஒரு காரணம். மண்ணை இழந்தது பெரிய காரணம். இரண்டாவதை எந்த டாக்டராலும் சரிசெய்ய முடியாது.

பழைய பயமும் விட்டுப் போகவில்லை. 1931-ல் எழுதிய கொரெல்லி வேரியேஷன்ஸை மேடையில் வாசிக்கும்போது, கூட்டத்தில் இருமல் அதிகமானால் அடுத்த பகுதியை வாசிக்காமல் தாண்டிவிடுவார்.

கடைசியில் எழுதினாரா?

எழுதினார். அதற்கும் ஓர் இடம் தேவைப்பட்டது. சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் ஏரிக்கரையில் வீடு கட்டினார். செர்கெய், நத்தாலியா, ராக்மானினோவ் என்ற பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘செனார்’ என்று பெயர் வைத்தார். 1934 ஜூலை, ஆகஸ்டில், சில வாரங்களிலேயே பாகனினி ராப்சடியை அங்கே எழுதி முடித்தார். தொலைந்துபோன இவானொவ்காவுக்குக் கொஞ்சமாவது ஈடாக அந்த வீடும் தோட்டமும் அமைந்தன.

1940-ல் அமெரிக்காவில் எழுதிய ‘சிம்பொனிக் டான்ஸஸ்’ அவருடைய கடைசிப் படைப்பு. அதன் முதல் பகுதி முடிகிற இடத்தில் மெதுவாக ஒரு பழைய மெட்டு வருகிறது. 1897-ல் அவரை நொறுக்கிய அதே முதல் சிம்பொனியின் மெட்டு. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சிம்பொனியின் மூலப்பிரதி ரஷ்யாவிலேயே காணாமல் போயிருந்தது. மனசில் மட்டும் 40 வருஷத்துக்கு மேல் அது இருந்திருக்கிறது. முன்பு சீறிய அந்த மெட்டை, இப்போது அமைதியாக ஒலிக்கவிட்டார்.

1943 மார்ச் 28 அன்று, 70 வயது நிறைய நான்கு நாள் இருக்கும்போது, கலிபோர்னியாவில் புற்றுநோயால் இறந்தார்.

சிம்பொனியின் கதை அதோடு முடியவில்லை. அரங்கேற்றத்தன்று வாத்தியக்காரர்கள் கையில் இருந்த தனித்தனி இசைத்தாள்கள் லெனின்கிராட் இசைக் கல்லூரி நூலகத்தில் கிடைத்தன. அவற்றை வைத்து முழுப் பிரதியை மீட்டார்கள். 1945 அக்டோபரில் மாஸ்கோவில் அது இரண்டாம் முறையாக ஒலித்தது. இந்த முறை ஒழுங்காக ஒத்திகை பார்த்து வாசித்தார்கள். கூட்டம் வரவேற்றது. இன்று உலகின் பெரிய இசைக்குழுக்கள் அதை வாசிக்கின்றன.

மூன்று வருஷம் அவரை எழுதவிடாமல் செய்த தீர்ப்பு, ஒரு மோசமான ராத்திரியின் வாசிப்பைக் கேட்டு எழுதப்பட்டது. அது தவறு என்று தெரிந்தபோது அதைக் கேட்க ராக்மானினோவ் உயிரோடு இல்லை. ஆனால் அது தெரிவதற்கு முன்பே அவர் எழுதத் தொடங்கிவிட்டிருந்தார்.