ஒளித்த பெயரும் அச்சடித்த பெயரும்

காஞ்சிபுரமும் மதுராந்தகமும் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காலம் அது. 1859இல் மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் இரட்டைமலை சீனிவாசன் பிறந்தார். கோயம்புத்தூரில் படித்தபோது உடன் படித்தவர்களில் சுமார் பத்துப் பேர் போக மற்ற எல்லாரும் பிராமணர்கள். ஊர் எது, உறவு யார் என்று யாராவது கேட்டுவிட்டால் சாதி தெரிந்துவிடுமே! மணி அடிக்கும்வரை வெளியிலேயே இருப்பார். வகுப்பு விட்டதும் வேகவேகமாக வீட்டுக்குப் போய்விடுவார். விளையாட்டே கிடையாது. இந்தப் பயம் எப்படிப்பட்டது என்று நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

பிறகு நீலகிரியில் வெள்ளைக்காரர் கம்பெனியில் கணக்கர் வேலை. அன்றைக்கு நம்மவர் வீட்டில் அதற்கு மேல் என்ன கனவு கண்டிருப்பார்கள்? அந்த வேலையை விட்டுவிட்டு 1890இல் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் நாலு பக்கத்தில் ஒரு மாத இதழ் தொடங்கினார். விலை இரண்டணா. பெயர் ‘பறையன்’. கல்லூரியில் யாருக்கும் தெரியாமல் காத்த பெயரைத்தான் தலைப்பில் அச்சடித்தார். சில மாதங்களில் அது வார இதழாயிற்று.

தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். நாம் அதிகம் நினைப்பது 1924ஐ. பொதுச்சாலையிலும் கிணற்றிலும் எவரையும் தடுக்கக்கூடாது என்ற தீர்மானத்தை அந்த ஆண்டுதான் சென்னை சட்டசபையில் கொண்டுவந்தார். பெரிய காஞ்சிபுரத்து ராஜவீதிகளில் நம் பிள்ளைகள் புத்தகப் பையோடு நடப்பதற்குப் பின்னால் அந்தக் கணக்கர் விட்ட வேலையும் இருக்கிறது.