அணையாத அடுப்பு

தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்றது விம்கோ நகர். அங்கிருந்து தெற்கே சற்றுத் தூரம் வந்தால் திருவொற்றியூர்க் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவிலிருந்து ஓர் இளைஞர் இக்கோயிலுக்கு நடந்தே வருவார். அவர்தான் பிற்காலத்தில் வள்ளலார் எனப் போற்றப்பெற்ற இராமலிங்க அடிகள்.

1823-ஆம் ஆண்டு, சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, தமையனார் சபாபதிப் பிள்ளையின் ஆதரவில் சென்னையில் வளர்ந்தார்.

ஒருநாள் ஒற்றியூரிலிருந்து திரும்ப நள்ளிரவாகிவிட்டது. கதவு தாழிட்டிருந்தது. தூங்குகிறவர்களை எழுப்ப மனமில்லை. பசியோடு திண்ணையிலேயே படுத்துவிட்டார். வடிவுடையம்மனே அண்ணியின் உருவில் வந்து அன்னமிட்டாள் என்பது வழிவழியாக வரும் செய்தி. கேளாமலே கிடைத்த அந்தச் சோறு எல்லோருக்கும் கிடைக்க வேண்டாமா? அடிகளாரின் வாழ்வே இக்கேள்விக்கு விடை.

சந்தையில் காசு உள்ளவனுக்குப் பொருள் கிடைக்கும். இல்லாதவன் கதி என்ன? உயிர்களை வாட்டும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாக வகுத்தார் அடிகளார். ஏழையும் இயன்றவரை நீக்க வேண்டும். பசியையும் கொலையையும் முதலில் நீக்க வேண்டும் என்றார். ஆசைப்பட்டது கிடைக்காதவன் பொறுத்திருக்கலாம். பசித்தவன் எத்தனை நாள் பொறுப்பான்?

1867 மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியது. நிலத்தை ஊர் மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள். இருந்தவர்கள் அரிசியும் பருப்பும் அனுப்பினார்கள். வந்தவர்களிடம் சாதி கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை.

1874 ஜனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்ற அடிகளார் திரும்பி வரவில்லை. இரண்டே ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. சர்க்கார் நிவாரண வேலைகளைத் தொடங்கியது. சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். மண் சுமந்தவர்களுக்கு அங்கே கூலி. வடலூரிலோ இலை முன் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சோறு.

துணிக்கும் மருந்துக்கும் வீட்டுக்கும் இன்றும் கடைத்தெருவைத்தான் நம்பியிருக்கிறோம். தருமச்சாலைக்கு வரும் அரிசியும் யாரோ ஒருவர் உழைத்துச் சம்பாதித்ததுதான். ஆனாலும் ஒரு தேவையையாவது விலை பேசாமல் தீர்க்க முடியும் என்று அடிகளார் செய்து காட்டினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அதற்கு இரண்டாவது தீக்குச்சி தேவைப்படவில்லை.