பகைவர் வேடம் பூண்ட பிலிப் ஆன்

அமெரிக்கத் திரையுலகில் நாற்பதாண்டுகள் குணச்சித்திர நடிகராக விளங்கிய பிலிப் ஆன், 1905ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கொரியப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை ஆன் சாங் ஹோ கொரிய விடுதலை இயக்கத்தின் பெருந்தலைவர். 1910இல் ஜப்பான் கொரியாவைக் கைப்பற்றியபின் நாட்டுப்பணியே அவர்தம் வாழ்வாயிற்று. 1926இல் மனைவி மக்களைப் பிரிந்து சென்றவர் அமெரிக்கா திரும்பவேயில்லை. ஜப்பானியர் சிறையில் நலிவுற்று 1938இல் உயிர்நீத்தார்.

1936இல் வெளிவந்த 'எனிதிங் கோஸ்' படத்திற்கு வாய்ப்புக் கேட்டபோது, பிலிப்பின் ஆங்கிலம் மிகச் சிறப்பாக இருந்ததே குறையாகக் கூறப்பட்டதாம்! அம்மண்ணிலேயே பிறந்தவர் வேறெப்படிப் பேசுவார்? 1937இல் 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' படத்தில் அன்னா மே வாங்குடன் நாயகனாக நடித்தார். அத்தகைய வேடம் பின்னர் அரிதாகவே கிட்டியது.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய அமெரிக்கர்கள் 1942 முதல் முகாம்களில் அடைக்கப்பட்டனர். எனவே திரையில் ஜப்பானியக் கொடியவராகத் தோன்றும் வேடங்கள் பிற ஆசிய நடிகர்களைத் தேடி வந்தன. தந்தையைச் சிறையிட்ட அரசின் படைச்சீருடையை மகன் அணிந்தார். 'பேக் டு பட்டான்' (1945) அவற்றுள் ஒன்று. அக்கொடுமையை உலகறியச் செய்யும் வாய்ப்பென அவர் மனமுவந்தே நடித்தார் என்பர். நடிப்பை மெய்யென நம்பியோரிடமிருந்து கொலை மிரட்டல்களும் வந்தன.

முதுமையில், 1972 முதல் 1975 வரை, 'குங் ஃபூ' தொலைக்காட்சித் தொடரில் மடத்தின் தலைவராகத் தோன்றிப் புகழ்பெற்றார். 1978இல் மறைந்தார். 1984இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதிக்கப்பட்டது. அச்சிறப்பைப் பெற்ற முதல் கொரிய அமெரிக்க நடிகர் அவரே.