தூத்துக்குடிக்கு ஆற்று நீர் தந்தவர்: இராவ் பகதூர் குரூஸ் பர்னாந்துவின் வாழ்வும் பாதுகாப்பான குடிநீரும்

ஆண்டுதோறும் நவம்பர் 15-ஆம் நாள் தூத்துக்குடி நகரில் உள்ள குரூஸ் பர்னாந்துவின் சிலைக்கு மாலை அணிவிக்கப்படுகிறது. அவர் மருத்துவர் அல்லர். நகர்மன்றத் தலைவராக இருந்தவர். எனினும், இக்கடற்கரை மக்களின் உடல்நலத்தைக் காத்தவர்களின் வரிசையில் அவருக்குத் தனியிடம் உண்டு. குடிப்பதற்கு நல்ல நீரின்றித் தவித்த நகருக்குத் தாமிரபரணி நீரைக் குழாய் வழியே கொண்டுவந்தவர் அவர். நீர் கிடைப்பதும், கிடைத்த நீர் பாதுகாப்பாக இருப்பதும் வெவ்வேறு பணிகள் என்பதை நோயாளிகளும் பராமரிப்போரும் உணர அவரது வாழ்வு துணைசெய்யும்.

பிறப்பும் ஊரும்

குரூஸ் பர்னாந்து 1869-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் தூத்துக்குடியில் பரதவர் குடியில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1866-இல்தான் தூத்துக்குடி நகராட்சி அமைக்கப்பட்டிருந்தது. முத்துக்குளிப்பும் சங்கு குளிப்பும் மீன்பிடிப்பும் உப்பளத் தொழிலும் கப்பல் வணிகமும் ஊரை வளர்த்தன. ரயில் பாதையும் பஞ்சாலையும் வந்தபின் வேலை தேடி வருவோர் தொகை பெருகியது. மக்கள் பெருகிய அளவுக்கு ஊரில் நன்னீர் இல்லை.

உப்பு நிலத்தின் நீர்

கடலோர மண்ணில் மழைநீர் இறங்கும்போது, அது அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், அதன் கீழ் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கலாம் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கு. மழை குறைந்தாலோ, கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தாலோ இந்தச் சமநிலை குலைந்து உப்புநீர் மேலேறி வரும். கிணறுகள் கரித்துப்போவதற்கு இதுவே காரணம். இயல்பிலேயே மழை குறைந்த தூத்துக்குடியில் கோடை தோறும் மக்கள் குடத்துடன் நெடுந்தொலைவு நடந்தனர். வசதி உள்ளோர் நீரை விலைக்கு வாங்கினர்.

நீர் அரிதாகும் இடத்தில் மக்கள் கிடைத்ததைக் குடிக்கின்றனர். குளிப்பதும் துணி துவைப்பதும் கால்நடை இறங்குவதும் ஒரே குளத்தில் நிகழும். பல்லாயிரம் பேர் சில வாரங்களுக்குக் கடற்கரையில் கூடும் முத்துக்குளிப்பு முகாம்களில் காலரா தோன்றினால், முகாமே கலைந்துபோவதும் உண்டு. 1854-இல் லண்டன் நகரில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், ஒரே தெருக்குழாயின் நீரைப் பருகியோரிடையே காலரா மிகுந்திருந்ததைக் கணக்கிட்டுக் காட்டினார். 1884-இல் கொல்கத்தாவில் ஆய்வு செய்த ராபர்ட் கோக், அந்நோயின் கிருமியை ஒரு குளத்து நீரிலேயே கண்டறிந்தார். குரூஸ் பர்னாந்து இளைஞராக வளர்ந்த காலத்திலேயே, நீருக்கும் நோய்க்கும் உள்ள உறவு அறிவியலாக நிலைபெற்றுவிட்டது.

நகர்மன்றத் தலைவர்

1909-இல் குரூஸ் பர்னாந்து முதன்முறையாக நகர்மன்றத் தலைவரானார். அதன்பின் வந்த ஆண்டுகளையும் சேர்த்து ஐந்து முறை அப்பொறுப்பை ஏற்றார். வ. உ. சிதம்பரனார் சிறையில் இருந்த காலம் அது. சுதேசிக் கப்பல் ஓடிய துறைமுக நகரம் அரசியல் கொந்தளிப்பின் நடுவே இருந்தது. அந்தச் சூழலில், அன்றாட வாழ்வுக்குத் தேவையான நகராட்சிப் பணிகளை அவர் தம் பொறுப்பாகக் கொண்டார். அவற்றுள் முதன்மையானது குடிநீர்.

நீர்ப்பஞ்சம் கடுமையானபோது கடம்பூரிலிருந்து ரயில் வண்டிகளில் நீர் வரவழைத்து வழங்கச் செய்தார் என்பது நகரத்தார் இன்றும் நினைவுகூரும் செய்தி. அது அவசரத்துக்கான ஏற்பாடு. வண்டி நின்றால் நீரும் நின்றுவிடும். நிலையான தீர்வுக்கு வற்றாத ஆற்றை நாடவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

வல்லநாட்டுக் குழாய்

தூத்துக்குடிக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், தாமிரபரணிக் கரையில் வல்லநாடு உள்ளது. அங்கிருந்து நகருக்குக் குழாய் பதிப்பது ஒரு சிறிய நகராட்சியின் வருவாயைக் கொண்டு எளிதில் முடியும் காரியமன்று. அரசின் ஒப்புதல், கடன், நிலம், இரும்புக்குழாய் என ஒவ்வொன்றுக்கும் காலம் தேவைப்பட்டது. இடையே முதல் உலகப்போரும் வந்தது. முதன்முறை தலைவரானதற்கும் திட்டம் நிறைவேறியதற்கும் இடையே 18 ஆண்டுகள் கழிந்தன. 1927-இல் வல்லநாட்டு நீர் தூத்துக்குடியை அடைந்தது.

ஆற்றங்கரையில் எடுக்கும் நீர் இறைக்கப்பட்டு, தொட்டியில் தேங்கி, நெடுங்குழாயில் ஓடி, தெருக்குழாய்க்கு வந்து, பிறகு வீட்டுக் குடத்தை அடைகிறது. இவற்றுள் எந்த இடத்திலும் மாசு கலக்கலாம். அமெரிக்காவின் ஜெர்சி நகரில் குடிநீரில் இடையறாது குளோரின் சேர்க்கும் முறை 1908-இல்தான் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு குரூஸ் பர்னாந்து நகர்மன்றத் தலைவரானார். 

குழாய் நீர் வந்த மூன்று ஆண்டுகளில், 1930 மார்ச் 26-ஆம் நாள் குரூஸ் பர்னாந்து காலமானார். அவரது தொண்டைப் போற்றித் தமிழ்நாடு அரசு தூத்துக்குடியில் மணிமண்டபம் அமைத்துள்ளது.

அவருக்குப் பின் வந்த சட்டங்கள்

அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1939-இல் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. மக்களுக்குப் போதிய, உடலுக்குக் கேடற்ற நீரை வழங்குவதை அச்சட்டம் உள்ளாட்சி அமைப்பின் கடமையாக்கியது. தமிழ்நாட்டில் அது இன்றும் நடைமுறையில் உள்ளது. 1971-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் தொடங்கப்பட்டது. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் சிற்றூர்களின் குடிநீரை ஊராட்சியின் பொறுப்பில் வைத்தது. தனியொருவரின் விடாமுயற்சியால் நடந்த காரியம், இவ்வாறு ஆள் மாறினாலும் மாறாத கடமையாயிற்று.

சிறிய குடிநீர்த் திட்டங்களில் கவனிக்கப்படுபவை

ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, ஓர் ஆழ்துளைக் கிணறு, சில தெருக்குழாய்கள் எனக் கடலோரச் சிற்றூர்களில் நூற்றுக்கணக்கானோர் நம்பியிருப்பது இத்தகைய சிறிய அமைப்புகளையே. இவற்றில் பொறியாளர் எப்போதும் அருகில் இருப்பதில்லை. தொட்டி இயக்குநர் ஒருவரின் அன்றாடக் கவனமே காப்பு. குடிநீரின் தரத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த 10500 என்னும் எண்ணுடைய தரநிலை அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. அதன் முதன்மையான கூறுகள் பின்வருமாறு:

• 100 மில்லி லிட்டர் நீரில் ஈ-கோலை நுண்ணுயிர் ஒன்றுகூட இருத்தல் கூடாது. அது இருப்பின், நீரில் மலக்கழிவு கலந்துள்ளது என்று பொருள்.

• குளோரின் சேர்த்த நீரில், எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லி கிராம் இருத்தல் வேண்டும். தொட்டியில் மட்டுமன்றிக் கடைசித் தெருக்குழாயிலும் இதனைக் குளோரோஸ்கோப் கொண்டு பார்க்கவேண்டும்.

• கரைந்த மொத்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாத நிலையில் 2000 வரை அனுமதிக்கப்படுகிறது.

• நைட்ரேட் 45 மில்லி கிராமையும், புளோரைடு 1.5 மில்லி கிராமையும் தாண்டலாகாது.

பிளீச்சிங் பவுடர் காற்றும் வெயிலும் ஈரமும் பட்டால் வீரியம் இழக்கும். கடற்காற்று வீசும் ஊர்களில், திறந்த சாக்கில் கிடக்கும் பவுடரை அளந்து போட்டாலும் பயன் குறைவு. காற்றுப்புகாத கொள்கலனில் அதனை வைத்திருத்தல் வேண்டும். முதலில் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்து நீரைத் திறந்துவிட வேண்டும். நீர் கலங்கியிருந்தால், குளோரின் கிருமியை அழிக்குமுன் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊர்ப் பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி அளிக்கப்படுகிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலும் நீர் மாதிரிகள் ஆராயப்படுகின்றன. தொட்டி எப்போது சுத்தம் செய்யப்பட்டது, கடைசிப் பரிசோதனையின் முடிவு என்ன என்று ஊராட்சியிடமும் கிராமசபையிலும் கேட்பது உங்கள் உரிமை.

வெள்ளம் உணர்த்திய பாடம்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணியில் பெருவெள்ளம் ஓடியது. கரையோரக் குடிநீர்த் திட்டங்கள் பலவும் பாதிக்கப்பட்டன. எங்கும் நீர் சூழ்ந்திருக்க, குடிப்பதற்கு நீரின்றி மக்கள் லாரிகளை எதிர்நோக்கினர். நூறாண்டுகளுக்கு முன்னர் வறட்சியில் ரயில் நீருக்குக் காத்திருந்த அதே நிலையை, இம்முறை வெள்ளம் கொண்டுவந்தது. ஆறு பொய்க்காவிடினும் குழாயும் தொட்டியும் காக்கப்படாவிட்டால் நீர் இல்லை என்பதே இதன் பொருள்.

நோயாளிகளும் பராமரிப்போரும் செய்ய வேண்டியவை

• குடிநீரைக் கொப்பளங்கள் பொங்கி எழும்வரை, குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுங்கள். கைக்குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர் ஆகியோருக்கு இது கட்டாயம்.

• கொதிக்கவைத்தல் கிருமிகளை அழிக்கும். உப்பையும் நைட்ரேட்டையும் நீக்காது. உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளோர் உப்புக்கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரை நாள்தோறும் பருகுவதைத் தவிர்த்து, மருத்துவரிடம் அதனைத் தெரிவிக்க வேண்டும்.

• குளோரின் வாடை வருகிறதென்று பொதுக்குழாய் நீரை ஒதுக்கவேண்டாம். அந்த வாடை குளோரின் எஞ்சியிருப்பதன் அறிகுறி. சிறிது நேரம் வைத்திருந்தால் வாடை குறையும்.

• வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியில் வடித்த நீரில் குளோரின் எஞ்சியிராது. மூடிய கலத்தில் வைத்து அன்றே பருகிவிடுங்கள்.

• குடத்தில் கையை விடாமல், நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியால் அல்லது குழாய் பொருத்திய கலத்திலிருந்து நீர் எடுங்கள்.

• வயிற்றுப்போக்கு கண்டால் தாமதமின்றி உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். அரசு மருத்துவமனையில் கிடைக்கும் பொட்டலத்தை, அதில் குறித்த அளவு சுத்தமான நீரில் கரைக்கவேண்டும். குழந்தைகளுக்கு மருத்துவர் கூறும் அளவில் 14 நாட்கள் துத்தநாக மாத்திரையும் தேவை. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது.

• கண்கள் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, சோர்ந்து மயங்குதல் ஆகியவற்றில் ஒன்றேனும் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.

• ஒரே தெருவில் பலருக்கு ஒரே சமயத்தில் வயிற்றுப்போக்கோ மஞ்சள் காமாலையோ வந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே தெரிவியுங்கள். குழாய் உடைப்பைக் கண்டுபிடிக்க அதுவே பெரும்பாலும் முதல் தடயம்.

குரூஸ் பர்னாந்து ஆற்றை நகருக்கு அழைத்துவர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார். அந்த உழைப்பின் மீதிப் பகுதி ஒவ்வொரு நாளும் தொட்டியடியிலும் தெருக்குழாயிலும் வீட்டு அடுக்களையிலும் நிறைவேற வேண்டியுள்ளது. தொட்டி இயக்குநரும் ஊராட்சியும் இல்லத்தாரும் தத்தம் பங்கைச் செய்தால்தான் அவர் கொணர்ந்த நீர் நோயின்றி நம் குவளையை அடையும்.